15,349 கிலோமீட்டர் என்பது பாதி விடைதான்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் 15,349 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் இந்த வழியில் விமானம் விட்டபோது, இடையில் எங்கும் இறங்காமல் பயணிகளை ஏற்றிச் செல்லும் வழிகளில் உலகிலேயே நீளமானது என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. இந்த வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 விமானம் உயரத்தை எட்டியபின் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. ஆனால் கால அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்தை ஒட்டிய கணக்கு இருக்கிறது. அதுவும் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது, போகும்போது ஒன்றாகவும் திரும்பும்போது வேறாகவும் இருக்கிறது. ஒரே இரண்டு ஊர்கள், ஒரே விமானம், ஒரே தூரம். நேரம் மட்டும் ஏன் நிலையாக இல்லை? கிலோமீட்டர் என்பது பூமியின் வடிவம் தரும் எண். பயண நேரத்தையோ காற்றும், நாடுகள் தரும் அனுமதியும், எரிபொருளின் விலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தூரத்தைத் தெரிந்துகொண்டதும் பயணத்தைத் தெரிந்துகொண்டுவிட்டோம் என்று நினைப்பது பெரும் பிழை. நெடுந்தூரப் பயணத்தில் கிலோமீட்டர் எண்ணுக்கு நாம் தரும் மதிப்பு அளவுக்கு மீறியது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த 15,349 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சாங்கி நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிக்கும் குறைவாக வடக்கே, கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரியில் இருக்கிறது. கென்னடி விமான நிலையம் வட அட்சரேகை 40.6 டிகிரியில், மேற்குத் தீர்க்கரேகை 74 டிகிரியை ஒட்டி இருக்கிறது. 104-ஐயும் 74-ஐயும் கூட்டினால் 178. அதாவது இரண்டு ஊர்களும் உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன; இன்னும் இரண்டு டிகிரி இருந்தால் முழு அரைவட்டம். அப்படி இருக்கும் இரண்டு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டித்தான் போக முடியும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.4 டிகிரி, மொத்தம் 138 டிகிரி. ஒரு டிகிரிக்குச் சுமார் 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள். அதே எண் சில கிலோமீட்டர் வித்தியாசத்தில் கிடைத்துவிடும். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் இந்த வழியைக் காண முடியாது. அந்தப் படத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது எங்கெங்கோ போகும். பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால்தான் உண்மையான குறுக்குவழி தெரியும்.

அந்த நூல் போகும் இடங்களைப் பாருங்கள். தாய்லாந்து வளைகுடா, தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா. அதன்பின் உறைந்த ஆர்க்டிக் பெருங்கடலில் துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள் ஒரு கடப்பு. பின்னர் கனடாவின் ஆர்க்டிக் தீவுகள், க்யூபெக், மான்ட்ரியலின் பக்கம், கடைசியில் நியூயார்க். எண்ணாக எழுதும்போது 15,349 என்பது ஒரு நேர்த்தியான அளவு. நிலமாகப் பார்க்கும்போது அது பல நாடுகளின் வான்வெளியும், இறங்க இடமில்லாத பனிவெளியும் சேர்ந்த ஒரு தொடர். துருவத்தை ஒட்டிப் பறக்கத் தனி ஏற்பாடுகள் வேண்டும். சாதாரண ஜெட் எரிபொருள் வகையைப் பொறுத்து மைனஸ் 40 அல்லது 47 டிகிரி செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கிவிடும் என்பதால் இறக்கைக்குள் உள்ள எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் கண்காணித்தபடி இருக்க வேண்டும். காந்தத் திசைகாட்டி அங்கே நம்பத் தகுந்ததல்ல. நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களின் பார்வையும் துருவத்தை எட்டாது. இத்தனையும் சமாளிக்கக் கூடியவையே. ஆண்டு முழுவதும் விமானங்கள் சமாளித்துத்தான் பறக்கின்றன. ஆனால் சிங்கப்பூர் – நியூயார்க் விமானம் பெரும்பாலான நாட்களில் இந்தக் குறுக்குவழியை எடுப்பதே இல்லை. அதற்குக் காரணம் காற்று.

நமக்கு மேலே 8 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்று பூமியைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று அதற்குப் பெயர். சூடான தென்பகுதிக் காற்றும் குளிர்ந்த வடபகுதிக் காற்றும் சந்திக்கும் எல்லையில் உருவாகும் அது, குளிர்காலத்தில் வலுக்கும். மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். சில சமயம் 400-ஐயும் தொடும். ஜப்பானிய வானிலையாளர் வசபுரோ ஓஇஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்தார். தன் முடிவுகளை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டதால் வெளியுலகம் அவரைக் கவனிக்கவில்லை. 1944-இன் பிற்பகுதியில் ஜப்பான் மீது குண்டு வீசச் சென்ற அமெரிக்க பி-29 விமானங்கள் அந்த உயரத்தில் மாட்டிக்கொண்டபோதுதான், இப்படி ஒரு காற்று இருப்பதை அமெரிக்க விமானிகள் அனுபவத்தில் உணர்ந்தார்கள். இன்று அதே காற்றுதான் விமான நிறுவனங்களின் செலவுக் கணக்கை எழுதுகிறது. 2020 பிப்ரவரி 9 அன்று, சியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து லண்டன் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையை வைத்து அளந்தால் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேலான வேகம். விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் வழக்கமான வேகத்திலேயே பறந்தது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் புரண்டோடும் ஆற்றில் துடுப்பு போடும் படகுக்குக் கரையிலிருந்து பார்க்கும் வேகம் வேறு, தண்ணீருக்குள் அதன் வேகம் வேறு என்பதைப் போல.

இதைச் சிங்கப்பூர் வழிக்குப் பொருத்திப் பார்ப்போம். இரண்டு ஊர்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. டோக்கியோவை ஒட்டிப் பசிபிக்கைக் கடந்தால் ஏறக்குறைய 16,200 கிலோமீட்டர். குறுக்குவழியைவிட 850 கிலோமீட்டர் அதிகம். ஆனால் வழிநெடுக சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் பின்காற்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைவேகம் 1,000 ஆகிவிடும். பறக்கும் நேரம் 16 மணி 12 நிமிடம். காற்றே இல்லாத துருவ வழியில் அது 17 மணியைத் தாண்டும். நீளமான வழி முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்திவிடுகிறது. அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் கிழக்கு நோக்கிப் பசிபிக்கின் மேல் போகிறது. திரும்பும்போது காற்று சாதகமாக இருக்கும் நாட்களில் மறுபடியும் கிழக்கு நோக்கியே கிளம்பி, அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் தாண்டிச் சிங்கப்பூர் வந்து சேர்கிறது. போய்த் திரும்பிய பயணி பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பார். இந்தியாவிலேயே இதற்கு அழுத்தமான சான்று இருக்கிறது. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லி – சான்ஃபிரான்சிஸ்கோ நேரடி விமானத்தைத் தொடங்கியபோது அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்தது. 2016 அக்டோபரில் அதைப் பசிபிக் வழியாகத் திருப்பிவிட்டார்கள். தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. பயணமோ பதினான்கரை மணி நேரத்தில் முடிந்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சமானது. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்து விரைவில் போய்ச் சேர முடியும் என்றால், கிலோமீட்டர் எதற்கு அளவுகோல்?

போகும்போது கிடைத்த லாபம் திரும்பும்போது நஷ்டமாகிவிடும், ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காற்று ஒரு பொருட்டே அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். பார்வைக்கு நியாயமான வாதம். கணக்கு அதை ஏற்பதில்லை. 9,000 கிலோமீட்டர் தூரத்தைக் காற்றில்லாமல் 900 வேகத்தில் கடக்க 10 மணி நேரம், போய்வர 20. ஒரு திசையில் 100 கிலோமீட்டர் பின்காற்று இருந்தால் 9 மணி நேரம். மறுதிசையில் அதே காற்று எதிர்க்காற்றாகி, 800 வேகத்தில் 11 மணி 15 நிமிடம். கூட்டினால் 20 மணி 15 நிமிடம். எதிர்க்காற்றில் செலவழிக்கும் நேரம் எப்போதும் அதிகம் என்பதால் அதன் தண்டனை, பின்காற்றின் பரிசைவிடப் பெரியதாகவே இருக்கும். ஆகவே காற்று தன்னைத் தானே ஈடுகட்டிக்கொள்வதில்லை. அதைத் தவிர்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால்தான் லாபம். அந்தத் தேர்வு ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்யப்படுகிறது. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்து, விமான நிறுவனத்தின் இயக்க அலுவலகம் அன்றைக்கான பாதையைக் கணக்கிடுகிறது. நேற்றுப் போன பாதையில் இன்றைய விமானம் போகும் என்ற உறுதி இல்லை.

காற்றையாவது கணிக்கலாம். அனுமதி அப்படியல்ல. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு நேர்த்தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். ரஷ்யாவின் மேலாக ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆசியாவுக்குக் குறுக்குவழி என்று சொல்லியே ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் தன் வணிகத்தைக் கட்டியெழுப்பியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி, ரஷ்யா ஐரோப்பிய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியதும், அதே பயணம் சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு வட துருவத்தின் மேல் போக வேண்டிய நிலை. இரு நகரங்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அவற்றுக்கு இடையே மூன்றரை மணி நேரம் வந்து நின்றுவிட்டது. சோவியத் காலத்திலும் இதுதான் நிலைமை. அன்று ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் சென்ற விமானங்கள் பலவும் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. 1983-இல் இதே ஃபின்ஏர், சோவியத் வான்வெளியைத் தொடாமல் ஆர்க்டிக்கின் மேலாகச் சுற்றிக்கொண்டுதான் டோக்கியோவுக்கு இடைநில்லா விமானம் விட்டது. நமக்கு அருகிலேயே இன்னோர் உதாரணம்: 2019-இல் பல மாதங்களும், மறுபடி 2025 ஏப்ரலிலிருந்தும் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே அரபிக்கடல் பக்கம் வளைந்து போக வேண்டியிருந்தது. அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் வழியில் ஐரோப்பிய நகரங்களில் இறங்கி எரிபொருள் நிரப்பின. கிலோமீட்டர் கணக்கை மட்டும் வைத்துப் பயணத்தை அளப்பவரால் இவற்றில் ஒன்றையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இவை விதிவிலக்கான காலங்கள், அமைதி திரும்பினால் தூரமே மறுபடி நேரத்தைத் தீர்மானிக்கும் என்று சொல்வோருக்குச் சிங்கப்பூர் வழியின் வரலாறே பதில். 2004 ஜூனில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், நியூயார்க்கை அடுத்த நெவார்க் விமான நிலையத்துக்கு நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தால் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. 2013 நவம்பரில் அதை நிறுத்தியது. போர் இல்லை, வான்வெளி மூடப்படவில்லை. அந்த விமானம் குடித்த எரிபொருளின் விலைதான் கட்டுப்படியாகவில்லை. நெடுந்தூரம் பறக்க நிறைய எரிபொருள் ஏற்ற வேண்டும்; அந்த எரிபொருளின் எடையைச் சுமக்கவே மேலும் எரிபொருள் செலவாகும். நான்கு எஞ்சின்களுடன் அந்தக் கணக்கு நிற்கவில்லை. அதன்பின் ஐந்தாண்டுகள் அந்த நிறுவனத்தில் நியூயார்க் போக வேண்டியவர்கள் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. பயணம் ஒரு முழு நாளை நெருங்கியது. 2018 அக்டோபரில் இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் என்ற மிக நெடுந்தூர வகை வந்தபின்தான் இடைநில்லாச் சேவை திரும்பியது. வழக்கமான ஏ350-900-இல் 1,41,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும் என்றால் இதில் 1,65,000 லிட்டர். எடையைக் கட்டுப்படுத்த இருக்கைகள் 161 மட்டுமே; சாதாரண வகுப்பே கிடையாது. ஆக, 2013-க்கும் 2018-க்கும் இடையே சிங்கப்பூரும் நியூயார்க்கும் பல மணி நேரம் விலகிப் போயிருந்தன. அதைச் செய்தது எரிபொருள் விலை. திருப்பிச் சேர்த்தது எஞ்சின்.

இரண்டு எஞ்சின் விமானம் பெருங்கடலைக் கடப்பதற்கும் ஒரு விதி உண்டு. ஒரு எஞ்சின் பழுதானால் மற்றொன்றைக் கொண்டே குறிப்பிட்ட நேரத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையம் வழியில் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் 60 நிமிடமாக இருந்த அந்த எல்லை, 1985-இல் 120 ஆகி, இன்று ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதிக்கப்படுகிறது. எல்லை விரிய விரியப் பாதை நேராகும். அப்படியும் மாற்று விமான நிலையம் என்பது வெறும் ஓடுபாதை அல்ல. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ சென்ற ஏர் இந்தியா விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்குக்கோடியில் உள்ள மகதானில் பாதுகாப்பாக இறங்கியது. அதிலிருந்த 216 பயணிகள், மாற்று விமானம் வரும்வரை அந்தச் சிறு நகரத்தில் காத்திருக்க நேர்ந்தது. 15 மணி நேரப் பயணம் மூன்று நாள் பயணமாவதற்கு இது போதும்.

விமானங்களின் வேகம் கூடிக்கொண்டே போகிறது, இந்தச் சிக்கலெல்லாம் தானே தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. 1960-களின் போயிங் 707 பறந்த வேகத்துக்கும் இன்றைய ஏ350-இன் வேகத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடை செங்குத்தாக ஏறுவதால், எரிபொருளை மிச்சப்படுத்த விரும்பும் எல்லாரும் அந்த எல்லைக்குக் கீழேயே நிற்கிறார்கள். லண்டனையும் நியூயார்க்கையும் மூன்றரை மணி நேரத்தில் இணைத்த கான்கார்டு 2003-இல் ஓய்வு பெற்றது. அறுபது ஆண்டுகளில் கூடியிருப்பது வேகமல்ல, இறங்காமல் பறக்கும் ஆற்றல். இதன் முழு அளவையும் உணர 1943-க்குப் போக வேண்டும். ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்துவிட்ட நிலையில், ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த்துக்கும் இலங்கையில் காலிக்கு அருகே உள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே கேட்டலினா நீர்விமானங்களை இயக்கியது. சுமார் 5,600 கிலோமீட்டர் தூரத்துக்கு 27 முதல் 33 மணி நேரம். பயணிகள் மூன்று பேருக்கு மேல் கிடையாது. ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதை அவர்கள் பார்த்தார்கள். சாங்கி – நியூயார்க் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அது. பிடித்த நேரமோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் அதற்கு மேலும்.

கால அட்டவணையில் போட்டிருக்கும் நேரத்தை நம்பினால் போதாதா என்று கேட்கலாம். கிலோமீட்டரை நம்புவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அது என்ன நேரம் என்று தெரிந்திருக்க வேண்டும். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவதிலிருந்து, மறுமுனையில் நிறுத்துமிடத்தில் நிற்பது வரையான நேரம் அது. ஓடுபாதைக்காகக் காத்திருப்பதும், ஏறுவதும், இறங்குவதும், தாமதத்துக்கு ஈடாகச் சேர்த்த சில நிமிடங்களும் அதில் அடக்கம். சென்னைக்கும் மதுரைக்கும் இடையே வான்வழித் தூரம் 420 கிலோமீட்டர் அளவுதான். வகுத்துப் பார்த்தால் அரை மணி நேரம்கூட வராது, அட்டவணையிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். குறுந்தூரத்தில் தரை வேலையும், நெடுந்தூரத்தில் காற்றும் கிலோமீட்டர் கணக்கைப் பொய்யாக்குகின்றன. கடிகாரமும் ஏமாற்றும். கோடையில் நியூயார்க் சிங்கப்பூருக்கு 12 மணி நேரம் பின்னால் இருப்பதால், நள்ளிரவில் சாங்கியில் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தவர் அதே தேதியில் காலை ஆறரைக்கு இறங்குவார். டிக்கெட்டில் பார்த்தால் ஆறரை மணி நேரப் பயணம் போலத் தோன்றும்.

நம் வீடுகளிலிருந்து முதன்முறையாக அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ கிளம்பும் வயதான பெற்றோர் பலர். அவர்களுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் எத்தனை கிலோமீட்டர் என்று தேட வேண்டாம். போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். பயணம் செய்யும் மாதத்துக்கான அட்டவணையையே பாருங்கள். மேற்கு நோக்கிய குளிர்காலப் பயணத்தில் இணைப்பு விமானம் இருந்தால், இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். எதிர்க்காற்று வலுக்கும் பருவம் அது. கிளம்புவதற்கு முந்தைய வாரம், வழியில் ஏதாவது வான்வெளி மூடப்பட்டிருக்கிறதா என்று விமான நிறுவனத்திடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். மாத்திரை, உணவு, கால் வீக்கத்துக்கான முன்னெச்சரிக்கை எல்லாவற்றையும் அட்டவணை சொல்லும் நேரத்தோடு இன்னும் சில மணி நேரம் கூட்டியே கணக்கிட்டு, அவர்கள் கையோடு கொண்டுபோகும் பையில் வைத்து அனுப்புங்கள்.